கைத்திறன் ஓர் அமானத்: மகிழ்ச்சியோடு பேணுவோம்

 

கல்வி உதவி, மருத்துவ உதவி மனுக்களை நேரில் விசாரிக்க நம் மஹல்லாவின் வீடுகளுக்குச் செல்லும்போது ஒரு காட்சியை அடிக்கடி காண்கிறோம். சுவரில் ஆயத்துல் குர்ஸீ எம்ப்ராய்டரி செய்து சட்டம் போட்டு மாட்டியிருக்கும். நூல் நிறம் மங்கியிருந்தாலும் ஒவ்வொரு தையலும் அளந்து வைத்ததுபோல் இருக்கும். “யார் செய்தது?” என்று கேட்டால், வீட்டுப் பெண் சற்று வெட்கத்தோடு, “நான்தான், நிக்காஹ்வுக்கு முன்னாடி செஞ்சது” என்பார். “இப்போது செய்வதில்லையா?” என்றால் பதில் ஒன்றுதான்: “இப்ப எங்கே நேரம்?”

ஆண்களிடமும் இதே கதை உண்டு. மதரஸாவில் படிக்கும்போது அழகாக அரபி எழுத்து எழுதியவர் இன்று கடையில் பில் மட்டும் எழுதுகிறார். நஅத் பாடிப் பரிசு வாங்கியவர் வளைகுடாவிலிருந்து திரும்பிய பின் வாய் திறப்பதே இல்லை. மரவேலையில் கை தேர்ந்தவர் ஓய்வு பெற்றதும் செல்போனைப் பார்த்துக்கொண்டே பகலைக் கழிக்கிறார்.

வேலை, பிள்ளைகள், கடன் என்று ஆயிரம் பொறுப்புகளுக்கு இடையில் இதெல்லாம் பெரிய இழப்பா என்று சிலர் கேட்கலாம். இழப்புதான் என்று நாம் கருதுகிறோம். கைத்திறனும் சொல்திறனும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத். அதைப் பேணினால் மனத்துக்கு மகிழ்ச்சியும் வீட்டுக்கு பரக்கத்தும் ஊருக்குப் பயனும் கிடைக்கும். கைவிட்டால் மூன்றும் குறையும். எப்படிப் பேணுவது என்பதை நம் அன்னையர்களில் ஒருவரான ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களின் வாழ்விலிருந்து இக்கட்டுரையில் பார்ப்போம்.

நீளமான கை எது?

ஜைனப் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் அத்தை உமைமாவின் மகள். பின்னர் நபியவர்களை மணந்து முஃமின்களின் அன்னையர்களில் ஒருவரானார்கள். தாய்வழியில் உயர்ந்த குறைஷிக் குடும்பத்துப் பெண். ஆனாலும் சும்மா அமர்ந்திருக்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. தோல் பதனிடுவார்கள், தோலைத் தைத்துப் பொருள்கள் செய்வார்கள். நபி (ஸல்) அவர்கள் வீட்டுக்குள் வந்த ஒரு நேரத்தில் அவர்கள் தோலைப் பதப்படுத்திக்கொண்டிருந்ததாக முஸ்லிம் கிரந்தத்தில் ஒரு செய்தி இருக்கிறது.

தோல் பதனிடுவது எளிய வேலை இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஊறவைத்து, முடி நீக்கி, பதம் பார்த்து, பிசைந்து, காயவைத்து எடுக்க வேண்டும். வாடையைப் பொறுக்க வேண்டும், கையும் வலிக்கும். இத்தனையையும் நபியின் துணைவியார் தம் கையால் செய்தார்கள்.

ஒருமுறை நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியரிடம், உங்களில் கை நீளமானவரே எனக்குப் பின் முதலில் என்னை வந்து சேர்வார் என்ற கருத்தில் கூறினார்கள். அன்னையர்கள் அதை நேரடிப் பொருளில் எடுத்துக்கொண்டு யார் கை நீளம் என்று அளந்து பார்த்தார்கள். நபியவர்களின் மறைவுக்குப் பின், ஹிஜ்ரி 20ஆம் ஆண்டில், உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில், அன்னையரில் முதலில் வஃபாத் ஆனவர்கள் ஜைனப் (ரலி). அப்போதுதான் அந்தச் சொல்லின் பொருள் புரிந்தது என்பதை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக அறிகிறோம். ஜைனப் (ரலி) தம் கையால் உழைத்து, அதில் வந்ததை தர்மம் செய்து வந்தார்கள். கொடுக்கும் கைதான் நீளமான கை.

தோலும் ஊசியும் நூலும் பிடித்த ஒரு கையை மார்க்கம் எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறது என்பதை இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். கைவேலை தீனுக்கு வெளியே உள்ள பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அன்னையின் வாழ்வில் அந்தப் பிரிவினையே காணவில்லை. அவர்கள் தொழுகையில் நின்றதும் தோல் தைத்ததும் ஒரே ரப்புக்காகத்தான்.

ஈமான்: நிய்யத்தை முதலில் சரிசெய்வோம்

செயல்கள் எண்ணங்களைக் கொண்டே மதிப்பிடப்படுகின்றன என்பது நாம் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்த ஹதீஸின் கருத்து. கைவேலைக்கும் இது பொருந்தும். ஒரு பெண் தன் மகளுக்குப் பெருநாள் உடுப்பு தைக்கிறார். பக்கத்து வீட்டைவிட நம் பிள்ளை உடுப்பு பளபளப்பாக இருக்க வேண்டும் என்று தைத்தால் ஒரு விதம். அல்லாஹ் தந்த பிள்ளை, அவன் தந்த பெருநாள், அவன் தந்த கை, இவற்றுக்கு நன்றியாகத் தைக்கிறேன் என்று நினைத்தால் வேறு விதம். துணி அதேதான், நேரமும் அதேதான். ஒன்றில் மனம் எரிகிறது, மற்றொன்றில் குளிர்கிறது.

அல்லாஹ் அழகானவன், அழகை நேசிப்பவன் என்று நபி (ஸல்) கூறியதாக முஸ்லிமில் வருகிறது. எல்லாச் செயல்களிலும் இஹ்ஸானை, அதாவது செய்வதைச் செம்மையாகச் செய்வதை, அல்லாஹ் விதித்திருக்கிறான் என்ற கருத்திலும் ஹதீஸ் உண்டு. தாவூத் (அலை) அவர்கள் இரும்பைக் கொண்டு கவச உடை செய்தார்கள். அதை எப்படிச் செய்வது என்று கற்றுக்கொடுத்ததாக அல்லாஹ்வே குர்ஆனில் கூறுகிறான். வளையங்களை அளவோடு கோக்கும்படியும் கட்டளையிடுகிறான். ஓர் அரசராகவும் நபியாகவும் இருந்தவர் தம் கை உழைப்பில் உண்டார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

அல்லாஹ்வின் அருளையும் அன்பையும் கொண்டு மகிழ்ச்சி அடையுங்கள் என்ற கருத்தை சூரா யூனுஸின் 58ஆம் வசனத்தில் காண்கிறோம். ஆகவே ஹலாலான ஒரு வேலையில் மனம் மகிழ்வது பற்றிக் குற்ற உணர்வு தேவையில்லை. எழுத்துக்கலை, பூவேலை, தையல், பின்னல், சமையல், தோட்டம், மரவேலை, நல்ல கருத்துள்ள கவிதை, கதை, நஅத் என்று ஹலாலான வழிகள் ஏராளம். உருவப்படம், இசை போன்றவற்றில் ஐயம் உள்ளவர்கள் தங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். ஒரு வாசலில் ஐயம் என்பதற்காக மற்ற எல்லா வாசல்களையும் சாத்திவிடக் கூடாது.

உடல்நலம்: கட்டிய கயிற்றை அவிழ்த்த நபி

அதே ஜைனப் (ரலி) அவர்களைப் பற்றி இன்னொரு செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலுக்குள் வந்தபோது இரண்டு தூண்களுக்கு இடையில் ஒரு கயிறு கட்டியிருந்தது. என்ன இது என்று கேட்டார்கள். ஜைனபின் கயிறு, தொழும்போது சோர்வு வந்தால் இதைப் பிடித்துக்கொள்வார் என்று தோழர்கள் கூறினார்கள். அதை அவிழ்த்துவிடச் சொன்னார்கள் நபியவர்கள். சுறுசுறுப்பு இருக்கும்வரை தொழுங்கள், சோர்ந்தால் அமர்ந்துகொள்ளுங்கள் என்பது அவர்கள் தந்த அறிவுரை.

இந்தக் கயிறு இன்று நம் வீடுகளில் பல வடிவங்களில் கட்டப்பட்டிருக்கிறது. ஃபஜ்ருக்கு எழுந்து, டிபன் கட்டி, பிள்ளைகளை அனுப்பி, மாமியாருக்கு மாத்திரை கொடுத்து, துணி துவைத்து, மதியச் சமையல் முடித்து, மாலை பிள்ளைகளைக் குர்ஆன் மதரஸாவுக்கு அனுப்பி, இரவு பாத்திரம் கழுவி முடிக்கும்வரை ஒரு பெண் எதையோ பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார். நான்காவது தம்ளர் டீ, தலைவலி மாத்திரை, “நம்ம தலையெழுத்து” என்ற சலிப்பு, இவைதான் அவர் பிடித்திருக்கும் கயிறு. வணக்கத்துக்காகக் கட்டிய கயிற்றையே நபியவர்கள் அவிழ்க்கச் சொன்னார்கள் என்றால், வீட்டு வேலைக்காகக் கட்டிய கயிற்றை அவிழ்க்க நாம் ஏன் தயங்க வேண்டும்?

ஸல்மான் (ரலி) அவர்கள் தம் சகோதரர் அபூதர்தா (ரலி) வீட்டுக்குச் சென்ற செய்தியும் புகாரியில் உள்ளது. பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்று இருந்தவரை ஸல்மான் (ரலி) உண்ணவைத்தார்கள், உறங்கவைத்தார்கள், இரவின் கடைசிப் பகுதியில் எழுப்பிச் சேர்ந்து தொழுதார்கள். இறைவனுக்கும், உன் ஆன்மாவுக்கும், உன் குடும்பத்துக்கும் உன்மீது உரிமை உண்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடு என்றார்கள். ஸல்மான் உண்மையே சொன்னார் என்று நபி (ஸல்) அதை ஏற்றுக்கொண்டார்கள். உடலுக்கும் கண்ணுக்கும் உரிமை உண்டு என்று அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களுக்கு நபியவர்களே நேரடியாக அறிவுறுத்தியதும் உண்டு.

தூக்கம் குறைந்த கண்ணுக்கு ஊசியில் நூல் கோக்க வராது. இரத்தசோகை உள்ள உடலுக்கு எதிலும் ஆசை வராது. கைவேலைக்கு மனம் வரவில்லை என்று சொல்லும் சகோதரிகள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் எளியவை. இரவு எத்தனை மணி நேரம் தூங்குகிறேன்? எல்லாருக்கும் பரிமாறிய பின் எனக்கு என்ன மிஞ்சுகிறது? கடைசியாக எப்போது இரத்தப் பரிசோதனை செய்தேன்? இஷாவுக்குப் பின் வீண் பேச்சை நபி (ஸல்) விரும்பவில்லை. இன்று அந்த நேரத்தைச் செல்போன் எடுத்துக்கொள்கிறது. இஷா தொழுததும் போனை ஹாலில் வைத்துவிட்டுப் படுக்கைக்குப் போனாலே பாதிப் பிரச்சினை தீரும். மதியம் சிறிது நேரம் படுத்து எழும் கைலூலா நம் சுன்னத்தில் உள்ள ஓய்வு. அதைச் சோம்பல் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஆண்களுக்கு ஒரு சொல். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டபோது, வீட்டாரின் வேலைகளில் உதவியாக இருப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) கூறினார்கள். தம் செருப்பைத் தாமே தைத்தார்கள், தம் ஆடையைத் தாமே தைத்தார்கள் என்றும் செய்திகள் உண்டு. வீட்டுப் பெண்ணுக்கு வாரத்தில் மூன்று நாள் அரைமணி நேரம் கிடைக்கவேண்டுமானால், அந்த அரைமணி நேர வேலையை வேறு யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும். பேச்சில் ஊக்கம் கொடுப்பதைவிடப் பாத்திரம் கழுவிக் கொடுப்பது மேல்.

நோக்கம்: யாருக்குப் போய்ச் சேரும்?

நிய்யத்தும் இருக்கிறது, உடல்நலமும் இருக்கிறது, ஆனால் கைவேலை சில நாளில் சலித்துவிடுகிறது. ஏன்? செய்தது யாருக்கும் போய்ச் சேராமல் பீரோவில் கிடப்பதே பெரும்பாலும் காரணம். ஜைனப் (ரலி) தைத்த பொருளுக்குப் போக ஓர் இடம் இருந்தது. அது விற்கப்பட்டது, அந்தப் பணம் ஏழையின் கையை அடைந்தது.

நோக்கம் என்றால் பெரிதாக இருக்க வேண்டும் என்று இல்லை. மிச்சத் துணியில் பத்துத் தொழுகைத் தொப்பி தைத்து மதரஸாப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். நல்ல கையெழுத்து உள்ளவர் மதரஸாவின் சுவருக்குத் துஆக்களை எழுதித் தரலாம். ஊறுகாய் போடுவதில் கை தேர்ந்த பெரியம்மா தன் பக்குவத்தை இரண்டு இளம்பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். மொட்டைமாடியில் முருங்கையும் கறிவேப்பிலையும் வைப்பவருக்கு, அதிலிருந்து ஒரு மனிதரோ பறவையோ உண்டால் அது சதகா என்ற நற்செய்தியை நபி (ஸல்) கூறியிருக்கிறார்கள்.

ஒன்றை அக்கறையோடு நினைவூட்ட விரும்புகிறோம். நம் ஊர்களில் ஒரு பெண் மவுத்தானால் குளிப்பாட்டவும், கஃபனின் ஐந்து துணிகளையும் அளந்து வெட்டித் தரவும் தெரிந்த உம்மாக்கள் இருக்கிறார்கள். நள்ளிரவில் கூப்பிட்டாலும் வருவார்கள். பெரும்பாலானோர் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் அமர்ந்து கற்றுக்கொள்ளும் இளம்பெண்கள் குறைவு. துணியை அளக்கத் தெரிந்த கைக்கு இதைவிடக் கண்ணியமான வேலை எது? ஃபர்ளு கிஃபாயாவான ஒரு கடமை, கற்றுக்கொள்ள ஆளில்லாமல் நின்றுபோகக் கூடாது. தையல் தெரிந்த சகோதரிகள் இதை மனத்தில் வைக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

வருமானமும் நல்ல நோக்கம்தான். கணவரை இழந்த சகோதரிக்கு ஆரி வேலை மாதச் செலவைத் தாங்கும் என்றால் அது ஹலாலான ரிஸ்க். ஆனால் எல்லாக் கைவேலையையும் “இதில் எவ்வளவு கிடைக்கும்?” என்று மட்டும் பார்ப்பது மகிழ்ச்சியைக் கொன்றுவிடும். சில வேலை விற்பனைக்கு, சில வேலை அன்பளிப்புக்கு, சில வேலை மறுமைக்கு என்று பிரித்துவைத்தால் மூன்றும் ஒன்றையொன்று தாங்கும்.

நம் மண்ணின் முன்னோடிகள்

இதெல்லாம் மதீனாவில் நடந்தது, நமக்கு வருமா என்று எண்ண வேண்டாம். திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவியை அடுத்த பத்தமடையில் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கோரைப்பாய் நெய்கின்றன. தாமிரபரணிக் கரைப் பகுதியில் வளரும் கோரையை அறுத்து, கீறி, காயவைத்து, நீரில் பல நாள் ஊறவைத்து, மறுபடி காயவைத்து, சாயம் ஏற்றித் தறியில் போடுகிறார்கள். உயர்ரகப் பாய் பட்டுத் துணிபோல் மடியும். 1953இல் இங்கிலாந்து அரசி எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் பரிசாகச் சென்றது. இன்று பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்ற பொருள். நிக்காஹ்வுக்கும் திருமணங்களுக்கும் மணமக்களின் பெயர்களையே பாயில் நெய்து தரும் வழக்கமும் உண்டு. பெரும்பாலும் வீட்டில் இருந்தபடியே, பெண்களின் கையால் நடக்கும் வேலை இது. அந்தப் பாயில் எந்தக் கட்டத்தையும் அவசரப்படுத்த முடியாது. ஊறவேண்டிய நாள் ஊறாத கோரை தறியில் ஒடிந்துவிடும்.

எழுத்திலும் முன்னோடிகள் இருக்கிறார்கள். நாகூரில் 1917இல் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரைதான் படித்தவர். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். வீட்டுக்குள் இருந்தபடியே எழுதினார். 1938இல் ‘காதலா கடமையா’ என்ற அவரது நாவல் வெளிவந்தது. தமிழ்த்தாத்தா உ.வே.சாமிநாத ஐயர் அந்த நூலுக்கு மதிப்புரை வழங்கிச் சிறப்பித்தார். கீழக்கரையில் செய்யிது ஆசியா உம்மா ஞானப் பாடல்கள் இயற்றி மறைந்தார். இன்று கல்லூரிவரை படித்துள்ள நம் பெண்பிள்ளைகளுக்கு எழுத முடியாது என்று யார் சொல்ல முடியும்?

மகிழ்ச்சியைக் கெடுக்கும் நான்கு

முதலாவது, ஒப்பிடுதல். செல்போனில் வரும் கைவேலைகளைப் பார்த்துப் பார்த்து, நம்முடையது ஒன்றுமில்லை என்று ஊசியைக் கீழே வைத்துவிடுகிறோம். அந்த ஒரு நிமிட வீடியோவுக்குப் பின்னால் பல ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. கற்றுக்கொள்ளப் பாருங்கள், அளந்துபார்க்கப் பார்க்காதீர்கள்.

இரண்டாவது, காட்டிக்கொள்ளுதல். செய்து முடித்ததும் ஸ்டேட்டஸ் வைத்து யார் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தால், செய்த சந்தோஷம் பிறர் கைக்குப் போய்விடும். ரியா என்னும் நோய் அந்த வழியில்தான் நுழைகிறது. விற்பனைக்காகப் படம் போடுவது வேறு விஷயம்.

மூன்றாவது, கேலி. “இந்த வயசில் இதெல்லாம் எதுக்கு?”, “ஆம்பளப் பையன் சமையல் செய்றானே” போன்ற ஒரு வார்த்தையால் மூடிப்போன திறமைகள் எத்தனையோ. பிள்ளை கோணலாக எழுதிக் கொண்டுவரும் பிஸ்மியைப் பார்த்து முதலில் “மாஷா அல்லாஹ்” சொல்லுங்கள். எழுத்தைத் திருத்த நாளைக்கும் நேரம் இருக்கிறது.

நான்காவது, ஒரே நாளில் முடிக்க நினைப்பது. குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது என்று நபி (ஸல்) கற்றுத்தந்தார்கள். தினமும் பத்து நிமிடம் போதும்.

வீட்டில் இப்படித் தொடங்கலாம்

ஒன்று: ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே தெரிந்ததாக, பாதியில் விட்டதாக இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டு: அதை ஒரு தொழுகையோடு இணையுங்கள். அஸர் தொழுததும் கால்மணி நேரம் என்று வைத்தால் நினைவூட்ட ஆள் தேவையில்லை. மஃரிப் பாங்கு கேட்டதும் எடுத்துவைத்துவிடலாம். வேலை எவ்வளவு இனிமையாக இருந்தாலும் தொழுகை தவறக் கூடாது என்பதும் இதனால் காக்கப்படும்.

மூன்று: பொருள்களை ஒரு டப்பாவில் போட்டுக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். தேடுவதிலேயே நேரம் போனால் மறுநாள் மனம் வராது.

நான்கு: முதல் பொருள் யாருக்கு என்பதைத் தொடங்கும்போதே முடிவு செய்யுங்கள். பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்கா, அண்டை வீட்டுப் பாட்டிக்கா, மதரஸாவுக்கா?

ஐந்து: வாரம் ஒருநாள் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். உம்மாவும் வாப்பாவும் கையால் ஒன்றைச் செய்து மகிழ்வதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, போனைத் தாண்டியும் சந்தோஷம் இருக்கிறது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஆறு: உடம்பு முடியாத நாளில், மாதவிடாய் வேதனையில், பிள்ளைக்குக் காய்ச்சலில், விட்டுவிடுங்கள். கயிற்றை அவிழ்த்த செய்தியை நினைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் தொடரலாம்.

மனம் எதிலும் ஒட்டவில்லை என்றால்

சிலருக்கு மேலே சொன்ன எதுவும் உதவாமல் போகலாம். முன்பு பிடித்த எதுவும் பிடிக்காமல், இரண்டு வாரங்களுக்கு மேல் மனம் இருண்டு, தூக்கமும் பசியும் மாறி, தான் யாருக்கும் பாரம் என்ற எண்ணம் வந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். பிள்ளை பெற்ற சில மாதங்களிலும் இது வருவதுண்டு. இதை ஈமான் குறைவு என்று சொல்லி அந்தச் சகோதரியை மேலும் காயப்படுத்தக் கூடாது. சர்க்கரை நோய்க்கு மருத்துவரிடம் போவதுபோல இதற்கும் போக வேண்டும். எந்த நோயையும் அல்லாஹ் மருந்தில்லாமல் இறக்கவில்லை என்பது நமக்குக் கற்றுத்தரப்பட்ட பாடம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணமில்லை, இரவிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம். துஆவும் மருந்தும் சேர்ந்தே நடக்கட்டும்.

நமது வேண்டுகோள்

இன்ஷா அல்லாஹ், நம் அறக்கட்டளையின் நூலகக் கூடம் ஞாயிற்றுக்கிழமைகளில் அஸர் முதல் மஃரிப் வரை சகோதரிகளுக்காகத் திறந்திருக்கும். சொல்லித்தர ஒருவர், கற்றுக்கொள்ள இருவர் இருந்தாலே தொடங்கிவிடலாம். கட்டணம், போட்டி, பரிசு எதுவும் இல்லை. தையல், பின்னல், அரபி எழுத்து, எழுத்துப் பயிற்சி, மய்யித் குளிப்பாட்டும் முறையும் கஃபன் வெட்டும் முறையும், எதைச் சொல்லித்தர முடியும் என்பதை நூலகப் பொறுப்பாளரிடம் தெரிவியுங்கள். கற்றுத்தர முன்வரும் மூத்த உம்மாக்களை வீட்டிலிருந்து அழைத்து வந்து திரும்பக் கொண்டுவிடும் பொறுப்பை நம் இளைஞர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். நஅத், மரவேலை, எழுத்துக்கலை தெரிந்த சகோதரர்கள் முன்வந்தால் அவர்களுக்கும் வேறு நேரம் ஒதுக்கலாம்.

யா அல்லாஹ்! எங்கள் கைகளில் நீ வைத்த திறமைகளை வீணாக்காமல் பேணும் நல்லுதவியைத் தருவாயாக. எங்கள் உழைப்பில் மகிழ்ச்சியையும், ஓய்வில் நிம்மதியையும், கொடுப்பதில் பரக்கத்தையும் தருவாயாக. எங்கள் பெண்மக்களின் கைகளை, அன்னை ஜைனப் (ரலி) அவர்களின் கையைப் போல, கொடுப்பதில் நீளமான கைகளாக ஆக்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

செயலாளர்